எங்கள் அம்மம்மா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மம்மாவின் 31ஆம் நாளுக்கு ஒரு கல்வெட்டு அடித்தோம். தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, இரங்கற்பா எல்லாம் சேர்த்து, வந்தவர்களுக்குக் கொடுக்கிற அந்தச் சின்னப் புத்தகம்தான். அதில் "பொறுமையின் சிகரம், அடக்கத்தின் உறைவிடம்" என்று அச்சாகியிருந்தது. வாசித்த சொந்தக்காரர் பலரும் கேட்டது ஒரே கேள்வி: இது யாரைப் பற்றி?

அம்மம்மா பொறுமையானவர் அல்ல. அடக்கமும் அவருக்குச் சரிவராது. நன்றாக உடுத்தத் தெரிந்தவர், நறுக்கென்று பேசத் தெரிந்தவர். எல்லாப் பாட்டிமாருக்கும் பொருந்துகிற சொல்லைக் கொண்டுவந்து அவருக்கும் போர்த்திவிட்டால், இன்னும் இருபது வருடத்தில் அவர் யாரென்றே பூட்டப்பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடும். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் போன் எடுத்துக் கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதுகிறேன். அவர் என்ன உடுத்தார், என்ன சொன்னார் என்பதை உள்ளபடியே எழுதியிருக்கிறேன்.

அம்மம்மா திருகோணமலை ஆள்தானா?

பிறந்தது, வளர்ந்தது, வாழ்ந்து முடித்தது எல்லாம் டவுனில்தான். பத்திரகாளி அம்மன் கோயில் மணி கேட்கிற தூரத்தில் வீடு. கலியாணம் முடித்து உவர்மலைக்குப் போனபோது "ஊரை விட்டுப் போறன்" என்று அழுதாராம். நடந்தே போய்விடக்கூடிய தூரம் அது.

அவருடைய தகப்பனார் டொக்யாட்டில் கிளாக்கர். 1957இல் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளிக்கும்வரை அது பிரிட்டிஷ்காரர் கையில் இருந்தது. துரைமார் வீட்டு நோனாமார் வாசித்துப் போட்ட ஆங்கிலச் சஞ்சிகைகளைத் தகப்பனார் வீட்டுக்குக் கொண்டுவருவார். அம்மம்மா எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைத்தான் படித்தார். எந்தக் கழுத்து வெட்டு எந்தத் தோளுக்குப் பொருந்தும், கை எங்கே முடிந்தால் அழகு என்பதெல்லாம் அந்தப் படங்களில் பார்த்துப் பழகியது.

படித்தது ஸ்ரீ சண்முகவில். 1923இல் பெண்பிள்ளைகளுக்கென்று தொடங்கிய பள்ளிக்கூடம். இன்று ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. இலக்கணமும் தையலும் அங்கே படித்தவை. இரண்டிலும் பிழை கண்டால் கடைசிவரை விட்டதில்லை. கலியாணக் கார்ட்டில் ஒற்றுப் பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்தி, கலியாணத்தன்று மாப்பிள்ளையின் தகப்பனிடமே கொடுப்பார். கொடுத்துவிட்டு "பொம்பிளை நல்ல வடிவு" என்றும் சொல்லுவார்.

ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அவர் இங்கேதான் இருந்தாரா?

ஓம், சின்னப் பிள்ளை. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி காலையில் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் விமானத்தளம் இருந்த சீனக்குடாவையும் தாக்கின. அதே நாளில்தான் ஹேர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தார்கள். ஊரில் பாதிப்பேர் கிடைத்ததை எடுத்துக்கொண்டு உள்நாட்டுப் பக்கம் ஓடினார்கள். அம்மம்மா வீட்டார் மாட்டுவண்டியில் தம்பலகாமம் போனார்கள்.

இதைப் பற்றி யார் கேட்டாலும் அம்மம்மா சொல்வது குண்டுக் கதை அல்ல, ஒரு சட்டைக் கதை. சித்திரை வருஷப்பிறப்புக்கு ஐந்து நாள்கூட இல்லை. அவருக்கென்று மஞ்சள் துணியில், கழுத்துக்கு லேஸ் வைத்து ஒரு சட்டை தையற்காரரிடம் கொடுத்திருந்தது. சட்டை அங்கேயே நின்றுவிட்டது. தம்பலகாமத்தில் ஊரே சீனக்குடாப் பக்கம் எழும்பிய புகையைப் பற்றிப் பேச, இவர் சட்டையைப் பற்றி அழுதிருக்கிறார். எண்பது வயதுக்கு மேலும் அந்தக் கோபம் ஆறவில்லை. "குண்டு போடுறவன் ஒரு கிழமை பொறுத்துப் போட்டிருக்கலாம்தானே?" என்பார்.

ஊர் அடங்கித் திரும்பி வந்தபோது சட்டை இருந்தது, ஆனால் இறுக்கம். தாயார் அதைத் தங்கைக்குக் கொடுக்கச் சொன்னார். அம்மம்மா கொடுக்கவில்லை. பக்கத் தையலைப் பிரித்து, தாயின் பழைய சேலைக் கரையில் இரண்டு பட்டி வெட்டி, இரு பக்கமும் வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டார். அவர் தைத்த முதல் உடுப்பு அதுதான். பார்த்தவர்கள் அதையே புது மோஸ்தர் என்று நினைத்துத் தங்கள் பிள்ளைகளுக்கும் பட்டி வைத்துத் தைத்தார்களாம். இதை அவரே சொன்னதால் கொஞ்சம் கூட்டியிருக்கலாம். ஆனால் எனக்கு நம்ப விருப்பம்.

அவ்வளவு நன்றாக உடுத்தாரே, வசதியான குடும்பமா?

இல்லை. ஒரு சம்பளம், ஐந்து பிள்ளைகள். அவரிடம் இருந்தது நேரமும் கஞ்சியும் கண்ணும்தான்.

அவர் பருத்திச் சேலைக்குக் கஞ்சி போடுகிற விதத்தைச் சொல்கிறேன், பலர் கேட்டிருக்கிறீர்கள். வடித்த கஞ்சியை ஆறவிட்டு, மல் துணியில் இரண்டு தரம் வடிகட்டுவார். பருக்கை ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் சேலையில் வெள்ளைப் புள்ளி விழும். பிறகு தண்ணீர் விட்டு ஐதாக்குவார். விரலை முக்கி எடுத்தால் விரல் பளபளக்க வேண்டும், வழுக்கக் கூடாது. வெள்ளைச் சேலையென்றால் இரண்டு சொட்டு நீலம். நிழலில் காயப்போட்டு, முக்கால்வாசி காய்ந்ததும் எடுத்து, தண்ணீர் தெளித்துச் சுருட்டிவைப்பார். அரை மணித்தியாலம் கழித்து மினுக்குவார். சிரட்டைக்கரி போடுகிற பழைய அயன் பெட்டி அது. சேலையில் வைப்பதற்கு முன் பெட்டியை ஒரு வாழையிலைத் துண்டில் தேய்ப்பார். அடிப்பக்கம் வழவழப்பாகி, துணியில் பிடிக்காமல் ஓடும். வாழையிலை வாடுகிற அந்த வாசம் வந்தால் பிள்ளைகளுக்கு விளங்கிவிடும், அம்மம்மா எங்கோ வெளிக்கிடப் போகிறார் என்று.

1970க்குப் பிறகு இறக்குமதியை இறுக்கிப் பிடித்த காலம் ஒன்று வந்தது. 1977இல் திறந்துவிடும்வரை பாணுக்கும் கியூ, துணிக்கும் கியூ. கூட்டுறவுக் கடைக்கு ஒரே சீத்தைத் துணி வரும். பாதி ஊர் ஒரே பூவில் திரியும். அம்மம்மாவும் அதே துணியைத்தான் வாங்கினார். ஆனால் உட்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்தார். மங்கலான அந்தப் பூ தொலைவிலிருந்து பார்க்க வெளிநாட்டுத் துணிபோல இருந்ததாம். எங்கே வாங்கினதென்று கேட்ட பக்கத்து வீட்டம்மாவிடம், "நீங்கள் உடுத்திருக்கிறதுக்குப் பின்னால" என்றிருக்கிறார்.

கொய்யகத்தை (சேலையின் முன்மடிப்பை) அப்படி எப்படிப் பிடித்தார்? எங்களுக்கு நிற்பதில்லையே?

முதலில் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். செருப்பில்லாமல் உயரம் பார்த்து உடுத்துவதுதான் எல்லோரும் விடுகிற பிழை என்பார். உள்பாவாடை நாடாவை இடுப்பெலும்புக்கு மேல் இறுக்க வேண்டும். கொய்யகத்துக்கு ஐந்து விரலையும் விரித்து, சின்னவிரலுக்கும் பெருவிரலுக்கும் நடுவே மடிக்க வேண்டும். மேலே செருகுவதற்கு முன் ஒரு தரம் உதறி, கீழ்க்கரை எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊசி ஒன்றே ஒன்று, தோளில். "நாலு ஊசி குத்தினால் அது சேலை இல்லை, நோட்டீஸ் போர்ட்" என்பார்.

அந்தக் கறுப்புக் கண்ணாடி?

கட்டரக்ட் ஒப்பரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் கொடுத்தது. சில கிழமை போட்டால் போதும் என்றார்கள். கடைசிவரை போட்டார். கோயிலுக்குள் மட்டும் கழற்றுவார். டொக்டர் ஏன் இன்னும் போடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "நீங்கள் கண்ணுக்குத் தந்தியள். நான் முகத்துக்குப் போடுறன்" என்றார். நல்ல டொக்டர், சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

அம்மப்பா போன பிறகும் பொட்டும் நிறச் சேலையும் விடவில்லை என்பது உண்மையா? அப்போது பிரச்சினை வரவில்லையா?

வந்தது. இன்று கேட்கிற பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயமாகப் படாது. அந்தக் காலத்தில் பெரிய விஷயம். அம்மப்பாவின் ஆட்டைத் திவசம் (முதலாண்டுத் திவசம்) முடிந்து கொஞ்ச நாளில் ஒரு கலியாணவீடு. அம்மம்மா அரக்கு நிறப் பட்டுச் சேலையில், நெற்றியில் பொட்டோடு போய் முன்வரிசையில் இருந்தார். ஒரு பெரிய மனுஷி கிட்ட வந்து, "இனி எதுக்கு உனக்கு இந்த நிறம்?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டார்.

"இது அவருக்குப் பிடிச்ச நிறம். அவரை எரிச்சாச்சு. அவற்ற விருப்பத்தையும் எரிக்கச் சொல்லுறியளோ?"

என் அம்மா அப்போது பக்கத்தில் இருந்தவர். மண்டபத்தில் மேளம் மட்டும் கேட்டதாம். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, அம்மம்மா நெடுநேரம் அழுததையும் அம்மா சொல்லியிருக்கிறார். இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். அவருக்குப் பதில் சொல்லத் தெரியும் என்பதால் அவருக்கு நோகாது என்று பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த கலியாணவீட்டுக்கும் நிறச் சேலையில்தான் போனார். சில வருடம் போக, எங்கள் சொந்தத்திலேயே புருஷனை இழந்த இரண்டு பெண்கள் பொட்டோடு கோயிலுக்கு வந்தார்கள். வாசலில் அவர்களுக்காகக் காத்து நின்று, கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனவர் அம்மம்மா. அவர் செய்த காரியங்களில் பெரியது இதுதான் என்பது என் முடிவு.

மீன்காரரிடம் அப்படிச் சொன்னாரா?

சொன்னார், நான் பக்கத்தில் நின்றேன். திருக்கடலூர்ப் பக்கத்திலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர். அன்றைக்குப் பாரை கொஞ்சம் வாடியிருந்தது. "இப்பத்தான் அம்மா பிடிச்சது" என்று சத்தியம் பண்ணினார். அம்மம்மா செவுளைத் தூக்கிப் பார்த்தார். "தம்பி, இதுக்கு எட்டுச் செலவு முடிஞ்சுதோ, இல்லாட்டி நான் இனித்தான் போகவேணுமோ?"

எட்டுச் செலவு என்றால் செத்தவருக்கு எட்டாம் நாள் செய்கிற சடங்கு. மீன்காரர் சிரித்துச் சிரித்துச் சைக்கிளைச் சாய்த்துவிட்டார். அதன் பிறகு நல்ல மீன் இல்லாத நாளில் எங்கள் படலையடியில் நிற்காமல் போய்விடுவார். செத்தவீட்டுக்கு முதல் ஆளாய் வந்து, எட்டாம் நாளுக்கும் மீன் கொண்டுவந்து தந்து, காசு வாங்காமல் போனவரும் அவரே.

வேறு என்னென்ன சொன்னார்? தொகுத்துத் தாருங்களேன்.

எல்லாவற்றையும் எழுத முடியாது, சிலர் உயிரோடு இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தவை சில.

கலியாணத் தரகர் ஒருவர் வந்து, மாப்பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, ஒரே ஒரு குறையும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "அப்பிடிப்பட்டவருக்கு என்ட பேத்தி எதுக்கு? கோயில் கட்டிக் கும்பிடுங்கோ."

அம்மப்பாவின் திவசத்துக்கு ஐயர் நேரம் செல்லித்தான் வந்தார். "ஐயா, அவர் இருந்த காலத்திலயே பன்னிரண்டரைக்குச் சாப்பாடு வேணும். இப்ப மூண்டு மணி. எங்களில கோபமில்லை, உங்களைத்தான் தேடுவார்." அடுத்த வருடம் ஐயர் விடிய ஏழு மணிக்கே வந்துவிட்டார்.

இந்த வயதிலும் இவ்வளவு பவுடரா என்று கேட்ட ஒருத்திக்கு: "இந்த வயசிலதான் தேவை. உங்கட வயசில எனக்கு முகம் கழுவினாலே காணும்."

கனடாவிலிருந்து வந்த என் மச்சான் முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ் போட்டிருந்தான். அதற்கு அம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவன் நித்திரை கொள்ளும்போது எடுத்து, நூல் நிறம் பார்த்து, இழை இழையாய்ப் பின்னி அடைத்துவைத்துவிட்டார். காலையில் அவன் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தான். இப்போது அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு டொரன்டோ வீட்டில் மாட்டியிருக்கிறான்.

ஆட்களுக்கு நோகாதா?

நொந்திருக்கிறது. பெரிய மாமியின் சமையலைப் பற்றி ஒரு தைப்பொங்கலன்று சொன்னது கூடிப்போன பேச்சு. மாமி அதை நெடுநாள் வைத்திருந்தார். வைத்திருந்தது நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் அவருக்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. இல்லாதவர்களைப் பகிடி பண்ணமாட்டார். ஒருவருடைய உடம்பைப் பற்றி, நிறத்தைப் பற்றி வாய் திறக்கமாட்டார். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை முதுகுக்குப் பின்னாலும் சொல்லமாட்டார். மற்றவர் நல்ல பதிலாகத் திருப்பிக் கொடுத்தால் கைதட்டுவார். மன்னிப்பு மட்டும் கேட்கத் தெரியாது. அடுத்த நாள் காலை உங்களுடைய சேலை கஞ்சி போட்டு, மினுக்கி, மடித்துக் கட்டிலில் கிடந்தால், அதுதான் மன்னிப்பு. மாமிக்கு அப்படி மூன்று சேலை வந்தது.

1964 சூறாவளியில் வீடு போனதா?

கூரை போனது. அந்த டிசம்பர் சூறாவளிதான் தனுஷ்கோடியையும் அழித்தது. அம்மம்மா பிள்ளைகளைப் பெரிய கட்டிலுக்குக் கீழே விட்டு, மேலே சேலைப் பெட்டியை வைத்தார். பெட்டியைக் காப்பாற்றவா, பிள்ளைகளைக் காப்பாற்றவா என்று அம்மப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாராம். பாரம் வைத்தால் கட்டில் அசையாது என்பதுதான் அம்மம்மாவின் பதில். கட்டில் அசையவில்லை.

உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் எப்படிச் சமாளித்தார்கள்?

இதை நீளமாகப் பேச எங்கள் வீட்டில் யாருக்கும் விருப்பமில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாமாமார் இளந்தாரிகளாய் இருந்த அந்த வருடங்களில் அம்மம்மா அவர்களைத் தனியே வெளியே விட்டதில்லை. கந்தோருக்கு, டவுனுக்கு, கொழும்பு ரெயிலுக்கு, எங்கே போனாலும் கூடவே போவார். அதுவும் நல்ல சேலையில், குடையோடு, கைப்பையோடு. சோதனைச் சாவடிகளில் நிற்கிறவர்களைப் பற்றி, "நான் வடிவாய் நிண்டால் அவங்கள் ஒருக்கா யோசிப்பாங்கள்" என்பார். அந்த ஒரு யோசனைக்காகத்தான் அவ்வளவு கஞ்சியும். சின்ன வயதில் அதை அலங்காரம் என்று நினைத்த எல்லோருக்கும் சொல்கிறேன்: அந்த நாள்களில் மாமாமாருக்கு அவர் போட்ட வேலி அது.

ஒரு சோதனைச் சாவடியில் அவருடைய கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டார்கள். குட்டிகூராப் பவுடர் டப்பா, லேஞ்சி (கைக்குட்டை), விபூதிச் சரை, சில்லறை, எல்லாம் மேசையில். அம்மம்மா அவசரப்படவில்லை. லேஞ்சியை நான்காக மடித்து, டப்பாவின் மூடியைத் துடைத்து, ஒவ்வொன்றாக, முன்பு இருந்த இடத்திலேயே வைத்தார். பின்னால் வரிசை நின்றது. முடிந்ததும், பையைக் கொட்டின சாவடிப் பொடியனைப் பார்த்து, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், அடுக்கின பையை அடுக்கித்தான் தரவேண்டும் மகனே என்றார். அடுத்த தடவை அவன் பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடித் தந்தான். மாமா இதைச் சொல்லும்போது இன்றைக்கும் குரல் மாறும்.

சுனாமிக்கு எல்லாச் சேலையையும் கொடுத்தாராமே?

எல்லாவற்றையும் அல்ல, நல்லவற்றை. 2004 டிசம்பர் 26 பின்னேரம், கடற்கரைப் பக்கத்திலிருந்து ஓடிவந்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஈர உடுப்போடு இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பெட்டியைத் திறந்தார். அம்மா பழைய சேலைகளை எடுத்து ஒரு பக்கம் வைத்தார். அம்மம்மா அவற்றைத் தள்ளிவிட்டு மேலடுக்கில் இருந்ததை எடுத்தார். "கழிச்சதைக் குடுக்கிறது தானம் இல்லை பிள்ளை, வீடு கூட்டுறது." ஒவ்வொரு சேலைக்கும் பொருத்தமான சட்டைத் துணி, உள்பாவாடை, ஊசி ஒன்று, எல்லாம் வைத்துத்தான் கட்டினார். ஊசி எதற்கு என்று கேட்டதற்கு, "உடுத்தினால் நிக்க வேணும்" என்றார்.

அம்மம்மா பக்திமானா?

கோணேசரோடு அவருக்குத் தனிக் கணக்கு. திருக்கோணேச்சரத்துச் சிவன்தான் கோணேசர்; போர்த்துக்கீசர் 1622இல் இடித்த கோயில் அது. 1950இல் டவுனில் கிணறு வெட்டும்போது பழைய விக்கிரகங்கள் வெளிவந்தன. புதுக் கோயிலுக்கு 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. விக்கிரகங்கள் வெளிவந்த கதையை, தானே தோண்டியதுபோலச் சொல்வார். சிவராத்திரிக்குப் பின் கோணேசர் நகர்வலம் வரும் நாள்களில் படலையடியில் நிறைகுடம் வைத்து, வருடத்தின் ஆக நல்ல சேலையில் நிற்பார். சுவாமி போனபின் ஒரு மணித்தியாலம், வந்த பெண்களின் சேலைகளைப் பற்றித் தீர்ப்பு. அம்பாளின் சாத்துப்படிக்கும் புள்ளி போடுவார். "இந்தமுறை பச்சை காணாது" என்று ஒரு வருடம் சொன்னார். அடுத்த வருடம் பச்சைப் பட்டு ஒன்றை வாங்கிக் கோயிலுக்குக் கொடுத்தார்.

சாப்பாட்டில் என்ன விருப்பம்?

கணவாய்க் கறியும் பிட்டும். பிறகு கிண்ணியாத் தயிரும் கித்துள் பாணியும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்குமுன், பாதைக்கு (மிதவைப் படகுக்கு) காத்துநின்று தயிர்ச் சட்டி வாங்கிவந்த காலத்தில்தான் தயிர் ருசி என்று சாதிப்பார்.

கடைசி நாள்கள்?

சுகயீனம் அதிகம் இழுக்கவில்லை. வார்ட்டில் கொடுத்த உடுப்பைப் பார்த்து, "இதைப் போட்டுக்கொண்டு நான் எங்கையும் போகமாட்டன்" என்றார். தாதி அதை மறுநாள் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தார். வீட்டில் அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பொட்டலம் இருந்தது. மயில்நீலப் பட்டு, மினுக்கின சட்டை, உள்பாவாடை, ஊசி ஒன்று. மேலே அவருடைய எழுத்தில் ஒரு துண்டு: "கொய்யகத்தைச் சின்னவள் பிடிக்கட்டும். மூத்தவளுக்குக் கை நடுங்கும். வாசலுக்கு யாரும் தலை இழுக்காமல் வரவேண்டாம்." சித்திதான் உடுத்தினார். வந்த எல்லோரும் தலை வாரி இழுத்துத்தான் வந்தார்கள்.

அந்தியேட்டி (இறந்தவருக்குக் கடன் கழிக்கிற சடங்கு) கன்னியாவில், ஏழு வெந்நீர்க் கிணறுகளின் பக்கத்தில். இராவணன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்பார்கள். அம்மாவுக்கு அங்கேதான் செய்ய வேண்டுமென்றிருந்தது.

மிச்சச் சேலைகள் எங்கே? எப்படிப் பாதுகாக்கிறீர்கள்?

பிள்ளைகள், பேத்திகள், கேட்ட மருமக்கள் என்று பிரித்தாயிற்று. கிடைத்தவர்கள் கவனியுங்கள். பட்டைப் பொலித்தீனில் போடாதீர்கள், ஈரம் அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். கழுவின பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். சரிகை கறுக்கும் என்பதால் பூச்சி உருண்டையைச் சேலையில் படும்படி வைக்க வேண்டாம். அம்மம்மா வேப்பிலையும் கிராம்பும் காயவைத்துச் சின்னப் பையில் கட்டி மூலையில் போடுவார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் காற்றாடவிட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே பட்டு வெடிக்கும். முக்கியமாக, உடுத்துங்கள். பூட்டிவைத்தால் அவருக்குப் பிடிக்காது.

கல்வெட்டைத் திருத்தி அடிக்கிறீர்களா?

ஓம். ஆட்டைத் திவசத்துக்கு ஒரு நினைவு மலர் வரும். "பொறுமையின் சிகரம்" இருக்காது. உங்களிடம் இருக்கிற கதைகள் வேண்டும். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள், இனிப்புச் சேர்க்காதீர்கள். திட்டு வாங்கின கதையென்றால் இன்னும் நல்லது. போட்டோ அனுப்பினால் யார் யார் நிற்கிறார்கள், எந்த வீட்டு விசேஷம், அம்மம்மா உடுத்திருக்கிற சேலை என்ன நிறம் என்பதையும் எழுதி அனுப்புங்கள். பழையவை எல்லாம் கறுப்பு வெள்ளை. நிறம் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். பெரிய மாமியும் தைப்பொங்கல் கதையைத் தன் பக்கத்திலிருந்து எழுதுகிறார். இரண்டு பேர் ஒரே கதையை வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் போடுவோம்.